சாம்பாரில் பல்லி

கிழவர் குத்தாலத்தின் தலைக்கு மேல், கை எட்டாத உயரத்தில், கறுப்பு எழுத்தில் மூன்று வரி நின்றது. சாம்பாரில் பல்லி! பந்தியே மயக்கம்! சமையல்காரர் ஓட்டம்! வரிக்கு ஓர் ஆச்சரியக்குறி. அவர் நடந்தால் கூடவே நடக்கும், உட்கார்ந்தால் இறங்கும், படுத்தால் கட்டிலுக்கு மேல் கொசுவலை மாதிரி விரிந்து நிற்கும். காக்காய் வந்து ஆச்சரியக்குறியில் உட்கார்ந்து எச்சமிடும். அவர் விரட்டுவதில்லை. எழுதினவனே எச்சம்தான் போட்டான், காக்காய் போட்டால் என்ன என்பார்.

எழுத்து வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதில் ஒன்றுமில்லை. சீவலக்குறிச்சியில் ‘அந்திச் சங்கு’ என்று ஒரு சாயங்காலப் பேப்பர் இருக்கிறது. ஓர் ஐப்பசியில் அடைமழை பெய்து, அச்சாபீஸ் கூரை ஒழுகி, பரணில் கிடந்த பழைய பேப்பர்க் கட்டெல்லாம் ஊறிப்போய், மழை விட்ட காலையில் அவற்றை மொட்டைமாடியில் விரித்துக் காயப்போட்டார்கள். வெயில் ஏறியது, காற்று அடித்தது, தாள் கிடந்த இடத்திலேயே கிடக்கத் தலைப்புகள் மட்டும் உரிந்து எழும்பி, மேய்ச்சலுக்குப் போன எருமை வீடு திரும்புகிற மாதிரி அவசரமே இல்லாமல், தத்தம் ஆளைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தலைக்கு மேல் நின்றுகொண்டன. அவ்வளவுதான். ஏன் என்று விசாரிக்க வெளியூரிலிருந்து படித்தவர்கள் வந்தார்கள். சாப்பிட்டார்கள், போனார்கள்.

ஊருக்கு அன்றைக்குக் காலை மட்டும்தான் அதிசயம். மத்தியானம் ஆனால் சோலி கிடக்கிறதே. முடி வெட்டுகிறவர் ஒரு கவைக்கம்பு வாங்கிவைத்து, எழுத்தைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். டவுன் பஸ் கண்டக்டர் அகலமான தலைப்புக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். சினிமாக் கொட்டகையில் தலைப்பு உள்ளவர்கள் பின்வரிசைக்குப் போகவும் என்று போர்டு வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். கோயில் அர்ச்சகர் தீபாராதனைத் தட்டைக் கொண்டுவந்து, எழுத்தில் கரி பிடிக்காமல் இருக்கச் சற்றுத் தள்ளியே நீட்டினார்.

தலைப்புகளும் சாதாரணப்பட்டவை அல்ல. அரிசி ஆலையில் மூட்டை பார்த்துக்கொண்டிருந்த இசக்கிமுத்துக்கு மயிர் நரைத்து வயிறும் சரிந்துவிட்டது, அவர் தலைக்கு மேல் ‘மாவட்டத்தில் முதல் மாணவர்!’ என்று நின்றது. அந்த ஆள் அதை மறைக்கக் கோடையிலும் குடை பிடித்துக்கொண்டு திரிந்தார். சிறுவயதில் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறி, பசி தாங்காமல் திரும்பி வந்த பால்வண்ணம், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர், ‘வாலிபர் மாயம்!’ என்று சுமந்தார். கக்கூசில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தாலும் அவர் மனைவி தெருவுக்கு ஆள் அனுப்பினாள். ‘கல்யாண வீட்டில் கோஷ்டி மோதல்!’ இரண்டாக உடைந்து சம்பந்திகள் இருவர் தலையிலும் பாதிப்பாதியாக நின்றது. சம்பந்திகள் எப்போதோ சமாதானமாகிவிட்டார்கள். எழுத்து ஆகவில்லை. கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் அவை கிடாய் மாதிரி முட்டிக்கொள்ளும், கீழே சம்பந்திகள் சிரித்துக்கொண்டு சுகம் விசாரிப்பார்கள்.

ஆள் இல்லாத தலைப்புகளும் உண்டு. ‘ஆற்றுப் பாலம் விரைவில்!’ என்பது யாரைத் தேடிப் போவது என்று தெரியாமல் ஆற்றுக்குக் குறுக்கே இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் படுத்துக்கொண்டது. முதலில் ஆடுகள் அதன் மேல் ஏறிக் கடந்தன. பிறகு ஆட்கள். பிறகு சைக்கிள். அதற்கும் ஒரு திறப்பு விழா நடந்தது, நாடா வெட்டினார்கள். ‘இனி குடிநீர்த் தட்டுப்பாடு இல்லை!’ என்பது அடிபம்புக்கு மேலே போய் நின்று, குடத்தோடு வரிசையில் காத்திருந்தவர்களுக்கு நிழல் கொடுத்தது. அந்தச் செய்தியால் ஊருக்கு ஆன நன்மை அந்த நிழல் ஒன்றுதான்.

பழசு மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். அன்றிலிருந்து புதிதாக அச்சாவதும் அப்படியே, மை காயுமுன் எழும்பி வந்து ஆள் தலையில் நின்றது. அப்புறம் கேட்க வேண்டுமா. அந்திச் சங்கு ஆபீஸ் வாசலில் காலையிலேயே பழத்தட்டும் வேட்டி துண்டுமாக ஜனம் நின்றது. என்னைப் பற்றி எழுதாதீர்கள் என்று சொல்ல ஒரு வரிசை, அவனைப் பற்றி எழுதுங்கள் என்று சொல்ல ஒரு வரிசை. உள்ளே ஆசிரியர் பரமகுரு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். பேப்பருக்கு முதலாளியும் அவர், எழுதுகிறவரும் அவர். ஊரில் பெரிய மனிதர் எனப்பட்ட எல்லார் தலைக்கு மேலும் ஏதாவது ஒன்று நின்றபோது பரமகுருவின் தலை மட்டும் எண்ணெய் தேய்த்துப் படிய வாரின வெறுந்தலையாக இருந்தது. அவரைப் பற்றி எழுத அவரை விட்டால் ஆளில்லை.

இந்தப் பரமகுருதான் குத்தாலத்தைப் பற்றியும் எழுதியது.

குத்தாலம் அப்போது கல்யாணச் சமையலில் பேர் போனவர். அவர் அடுப்பு மூட்டுகிறார் என்றால் அழைப்பில்லாதவனும் குளித்துவிட்டு வருவான். மகள் உலகம்மாள் தொட்டிலில் கிடந்த காலம். ஒரு சித்திரை மாதக் கல்யாணம், தகரக் கொட்டகை, மேலே நெருப்பு, கீழே ஜனம். நிருபராக அலைந்துகொண்டிருந்த பரமகுரு முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார். இலை போட்டாயிற்று, உப்பு வைத்தாயிற்று, சாம்பார் வாளியோடு வந்த குத்தாலம் இவரைப் பார்த்து, இது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இடம், எந்திரிச்சு அடுத்த பந்தியில உக்காரும் வே என்றார். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பினால் அவன் சாகிறவரை மறப்பானா. பரமகுரு எழுந்தார். வேட்டியை உதறினார். போனார்.

அந்தப் பந்தியிலேயே ஒரு பெரியவர் புழுக்கத்தில் சரிந்தார். பக்கத்தில் இருந்தவன் அவர் இலையில் கிடந்த புளிநாரைப் பார்த்துப் பல்லி வால் என்று கத்தினான். கத்தினதைக் கேட்டு நாலு பேர் வாந்தி எடுத்தார்கள், அதைப் பார்த்து நாற்பது பேர் சாய்ந்தார்கள். குத்தாலம் வாளியைப் போட்டுவிட்டுச் சோடாக் கடைக்கு ஓடினார், பெரியவர் முகத்தில் தெளிக்க. ஓடினதைப் பரமகுரு தெருமுனையில் நின்று பார்த்தார். சாயங்காலம் பேப்பர் வந்தது. ஓட்டம் என்று போட்டிருந்தது. எதற்கு என்று போடவில்லை.

அப்புறம் ஒரு காதுகுத்துக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. கரண்டி பிடித்த கை மரக்கடையில் கட்டை சுமந்தது. அவர் மனைவி ஆவுடையம்மாள் சாகும்வரை வீட்டில் சாம்பார் வைக்கவில்லை. ரசம், ரசம், என்றைக்கும் ரசம். குத்தாலம் அந்திச் சங்கு ஆபீசுக்குப் போய்ப் போய்ச் சண்டை போட்டதில் பேப்பரில் ஒரு மறுப்பு வந்தது, ஆறாம் பக்கத்தில், மூல நோய் டாக்டர் விளம்பரத்துக்குக் கீழே: மேற்படி விருந்தில் பல்லி இல்லை என அறிகிறோம், வருந்துகிறோம். மழைக்குப் பிறகு தலைப்புகள் எல்லாம் ஊருக்குள் வந்து சேர்ந்த அன்றைக்கு இதுவும் வந்தது, எல்லாவற்றுக்கும் கடைசியாக, விளக்கு வைக்கிற நேரத்தில். எறும்பு உயரம். குத்தாலத்தின் காதுக்குப் பின்னால் கொசு மாதிரித் தொங்கிக்கொண்டு அரித்தது. யாராவது படித்தால்தானே. உலகம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னாள்.

குத்தாலம் மறுபடி பரமகுருவிடம் போனார். மேலே நிற்கிற அளவுக்கே எழுத்துப் போட்டு, முதல் பக்கத்திலேயே, இல்லை என்று ஒரு வரி போடச் சொன்னார். அப்போது அவரும் கிழவராகிவிட்டார், பரமகுருவும் கிழவர்.

“அதான் ஆறாம் பக்கத்துல போட்டாச்சே,” என்றார் பரமகுரு. “அங்க இருக்குத எடம் அவ்வளவுதான் வே.”

குத்தாலம் வீட்டுக்கு வந்துவிட்டார். தன் தலையோடு போகிற விஷயமாக இருந்தால் அதோடு விட்டிருக்கவும் கூடும். போகாது என்று அந்தத் தை மாதம் தெரிந்தது. ஜவுளிக்கடை மாசிலாமணி செத்தார். அவருக்கு ‘எடையில் மோசடி!’ என்று ஒன்று, அண்ணன் நடத்திய பலசரக்குக் கடையில் இவர் ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. சிதையில் தீ வைத்ததும் எழுத்து புகைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, துக்கத்துக்கு வந்தவர்கள் குளித்துக் கரையேறுவதற்குள், அப்போதுதான் மொட்டை போட்டுக்கொண்ட மூத்த மகன் தலையில் ஈரத்தோடு இறங்கியது. ஊர் பார்த்தது. சரி, இதுவும் சொத்து மாதிரிதான், மூத்த பிள்ளைக்குப் போகும் என்று தீர்மானித்துக்கொண்டது. வக்கீல்கள் உயிலில் அதற்கும் ஒரு பத்தி சேர்த்தார்கள்.

குத்தாலத்துக்கு ஒரே பிள்ளை. உலகம்மாள். புருஷன் விட்டுப்போன பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டு, அப்பாவிடம் பக்குவம் கேட்டுக்கேட்டுச் சாம்பார் வைத்து, விடிந்தால் அவள் கடையில் டிரைவர் கண்டக்டர் முதல் வாத்தியார் வரை கை நனைக்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் வெறும் ஆகாயம். அங்கே ‘சாம்பாரில் பல்லி!’ என்று ஏறி நின்றால் அடுத்த நாள் அவள் அடுப்பில் பூனை படுக்கும். டாக்டர் குத்தாலத்தின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இனிமேல் கட்டை தூக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததைக் குத்தாலம் கேட்டுக்கொண்டார்.

வழி எங்கிருந்து கிடைத்தது என்றால் ஓர் ஆட்டிலிருந்து. பள்ளிக்கூட வாத்தியார் கந்தசாமி தலையில் ‘ஆடு திருடன் சிக்கினான்!’ என்று நின்றது. பாவம், சொந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போன மனிதர். ஒரு சந்தை நாளில் எவனோ ஒருவன் நிஜமாகவே ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி, சனம் மடக்கிப் பிடித்தது. அந்த நிமிஷம், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் தலையிலிருந்து எழுத்து கிளம்பி, கூட்டத்தைத் தாண்டி, அவன் தலைக்குப் போய்விட்டது. அளவு சரியான உடம்பு கிடைத்த சட்டை மாதிரி. வாத்தியார் வெறுந்தலையைத் தடவித்தடவி அழுதார். குத்தாலம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உலகம்மாளுக்கு அதுவே பயமாக இருந்தது.

அந்திச் சங்குக்குப் பொன்விழா வந்தது. ஊருக்கே விருந்து என்று பரமகுரு அறிவித்துவிட்டார். அறிவித்த பிறகுதான் சமையலுக்கு ஆள் இல்லை என்று தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் கரண்டி பிடித்த ஒவ்வொருவன் தலையிலும் அவர் ஏதாவது ஒன்றை எழுதிவைத்திருந்தார். குத்தாலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனார். போய், நான் சமைக்கிறேன் அண்ணாச்சி என்றார். பழசையெல்லாம் மறந்தாச்சு, வயசாச்சு, கடைசியாக ஒரு பெரிய சமையல் செய்து பார்க்க ஆசை, கூலி வேண்டாம், என் பேர் வெளியே வர வேண்டாம், படுதாவுக்குப் பின்னால் இருந்துகொள்கிறேன் என்றார். பரமகுரு சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் அவர் வாயில் எச்சில் ஊறியதையும் குத்தாலம் பார்த்தார். இலையிலிருந்து எழுப்பிவிட்ட அன்றைக்கு வாளி மூக்குக்கு நேரே வந்துதான் திரும்பிப் போயிற்று. அந்த வாசனை அந்த ஆளை இத்தனை வருஷமும் விடவில்லை.

“ஊர்ல எல்லாத் தலைக்கும் ஒண்ணு இருக்கு,” என்றார் குத்தாலம், போகிற போக்கில் சொல்கிற மாதிரி. “உங்க தலை மட்டும் வழிச்சு விட்டாப்பல கெடக்கு. நல்லதா ஒண்ணு நீங்களே போட்டுக்கிட்டா யாரு கேக்கப் போறா?”

பரமகுரு நிமிர்ந்தார். எதிரே கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் தன் தலைக்கு மேலே இருந்த காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

என்ன போடலாம் என்றும் குத்தாலமே சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

விருந்துக்கு முந்தின சாயங்காலம் அவர் சுவரோரம் துண்டைப் போட்டு ஒரு பல்லியைப் பிடித்து, மூக்குப்பொடி டப்பாவை ஆணியால் ஓட்டை போட்டு அதற்குள் விட்டு மூடினார். உலகம்மாள் மாவாட்டிக்கொண்டே பார்த்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

“எப்பா. டப்பால என்ன?”

“பொடி.”

“பொடி பெறாண்டுது.”

குத்தாலம் டப்பாவை மடியில் சொருகினார். அவள் கிட்டே வந்து நின்றாள். இத்தனை வருஷம் பொய்யாகத் தலையில் நின்றதை நீயே நாளைக்கு மெய்யாக்கப் போகிறாய், அப்புறம் அது யார் தலைக்கும் போகாது, உனக்கே உனக்கு என்று நின்றுவிடும், நான் அதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆற அமரச் சொன்னாள். யோசித்துப் பேசுகிற பெண். குத்தாலம் டப்பாவை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

“நாளைக்கு சமையக்காரன் நானில்லட்டி,” என்றார். “சாயந்தரப் பேப்பரைப் பாரு.”

மறுநாள் அடுப்பு மூட்டினார்கள். ஆற்றுமணலில் பந்தல், ‘பாலம் விரைவில்’ ஒரு பக்கம் நிழல் போட, ஊரே தன் தன் தலைப்போடு வந்து உட்கார்ந்தது. மேலே பார்த்தால் எழுத்துக் காடு, கீழே இலைகள். படுதாவுக்குப் பின்னால் குத்தாலம் ஒருவராக ஐந்து அண்டாவையும் பார்த்தார். துவரம்பருப்பு குழைந்தது. மல்லி, மிளகாய், வெந்தயம், தேங்காய் வறுபட்டது. முருங்கையும் கத்தரியும் மாங்காயும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. புளியைக் கரைத்துத் துணியில் இரண்டு முறை வடிகட்டினார், ஒரு நார் கிடையாது. கை மறக்கவே இல்லை. தாளித்துக் கொட்டி மூடியைத் திறந்தபோது எழும்பின ஆவி ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போக, அங்கே குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலை துவட்டாமல் பாலத்தின் மேல் நடந்து வந்தார்கள்.

பரமகுரு பட்டுவேட்டிக்கு மேல் சமையல்காரத் துண்டு கட்டிக்கொண்டு வந்தார். அண்டாவில் துடுப்பை விட்டுக் கிளறுகிற மாதிரி காலையிலேயே போட்டோ எடுத்து அச்சுக்குப் போய்விட்டது. இப்போது வாளியும் கரண்டியுமாக அவரே பந்தியில் இறங்கினார். அவருடைய மகன், பேப்பரை அடுத்து நடத்தப்போகிறவன், பின்னால் சோற்றுத் தட்டோடு போனான். முதல் பந்திக்குச் சாம்பார் விழுந்தது. பேச்சு நின்றது. பந்தி பேச்சை நிறுத்தினால் சமையல்காரனுக்கு அதற்கு மேல் வேறொன்றும் வேண்டாம். குத்தாலம் படுதாவின் கிழிசலில் கண்ணை வைத்துப் பார்த்தார். பெரிய மனிதர்கள் சின்னப் பையன்கள் மாதிரி இலையை வழித்தார்கள். அன்றைக்குப் புளிநாரைப் பார்த்துக் கத்தினவன், இப்போது பல் போனவன், இன்னும் கொஞ்சம் என்று கரண்டியைத் தடுக்காமல் கையை எடுத்துக்கொண்டான்.

குத்தாலம் மடியிலிருந்து டப்பாவை எடுத்தார். இரண்டாம் பந்திக்கான அண்டா முன்னால் இருந்தது, விளிம்புவரை, மேலே எண்ணெய் மினுங்க. மூடியில் கட்டைவிரலை வைத்தார். உள்ளே பிராண்டியது. வைத்த விரல் வைத்தபடி இருந்தது. இப்படிச் சாம்பார் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து நின்றுகொண்டது, அது பெரிய இடைஞ்சல். பரமகுருவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். ரசம் ஊற்றுகிற ஆவுடையம்மாளை நினைத்துப் பார்த்தார். விரல் கொஞ்சம் அசைந்தது.

அதற்குள் பேப்பர் வந்துவிட்டது, விருந்துக்காக அன்றைக்கு மத்தியானமே.

ஜீப்பில் கட்டுக்கட்டாக இறக்கி, வெற்றிலையோடு சேர்த்துக் கொடுக்கப் பந்தல் வாசலில் பிரித்தார்கள். பிரித்த கையோடு தாளிலிருந்து எட்டுப் பத்தித் தலைப்பு ஒன்று உரிந்து எழும்பி, இவ்வளவு பெரிசை ஊர் பார்த்ததில்லை, சாப்பிடுகிறவர்கள் தலைகளுக்கு மேல் பந்தல் கால்களை உரசிக்கொண்டு போய், பரமகுருவின் படிய வாரின தலைக்கு மேல் நின்றது. ‘ஊருக்கே தன் கையால் சமைத்துப் போட்டார் ஆசிரியர்!’ பந்தி கை தட்டியது, எச்சில் கையோடு. பரமகுரு அண்ணாந்து பார்த்தார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

படுதாவுக்குப் பின்னால் குத்தாலத்தின் உச்சந்தலையில் ஏதோ இறுக்கம் விட்டது. நிமிர்ந்து பார்த்தார். மூன்று வரியும் அசைந்துகொண்டிருந்தன. கட்டுத்தறியில் இருந்து கயிற்றை இழுத்துப் பார்க்கிற மாடு மாதிரி ஒரு தரம் இழுத்தன, இன்னொரு தரம் இழுத்தன, அப்புறம் படுதாவுக்கு மேலாக எழும்பிப் போய்விட்டன. டப்பா அவர் கையில் மூடினபடியே இருந்தது. அந்தத் தலைப்புக்கு அன்றைக்கும் பல்லி தேவைப்படவில்லை, இன்றைக்கும் தேவைப்படவில்லை. அச்சில் சமையல்காரன் என்று வந்த ஒருத்தன் போதும்.

கரண்டியோடு நின்ற பரமகுருவின் தலையில், எட்டுப் பத்திக்கு மேலே, பழைய கறுப்பு மூன்று வரி போய் உட்கார்ந்தது. ஊர் கீழிருந்து மேலாக வாசித்தது. ஊருக்கே தன் கையால். சாம்பாரில் பல்லி. முதல் வரிசையில் ஒருவர் தன் இலையைப் பார்த்தார். அங்கே ஒரு கறிவேப்பிலைக் காம்பு கிடந்தது. அவர் சாய்ந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் சாய்ந்தார். மாவட்டத்தில் முதல் மாணவர் குடையோடு சாய்ந்தார். சம்பந்திகள் ஒருவர் மேல் ஒருவர் விழ, மேலே அவர்கள் எழுத்து முட்டிக்கொண்டது. இரண்டாம் வரியும் பலித்தாயிற்று. மூன்றாவது வரிதான் பாக்கி, அதையும் பரமகுரு வெகுநேரம் காக்கவைக்கவில்லை. எழுந்திருந்த சிலர் இலையை மடித்துக்கொண்டு தன்னைப் பார்த்து வருவதைக் கண்டார், வாளியைப் போட்டார், பட்டுவேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆற்றுமணலில் ஓடினார். எழுத்து பின்னாலேயே ஓடியது, இரண்டடுக்கு, பெரிய எழுத்து.

மயங்கினவர்கள் எல்லாரும் முகத்தில் தண்ணீர் பட்டதும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் வயிறு வலிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது, பல்லி விழுந்தாலும் சாம்பார் நன்றாகத்தான் இருந்தது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

வெயில் தாழ்ந்தது. குத்தாலம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தலை லேசாகி, கழுத்து எங்கே நிற்பது என்று தெரியாமல் ஆடியது. உலகம்மாள் வந்து அவர் தலைக்கு மேலே பார்த்தாள், அப்புறம் அவர் மடியிலிருந்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பிராண்டியது. அவள் அதைத் திறந்து பந்தல் காலில் வைத்தாள். பல்லி வெளியே வந்து, கொஞ்சம் யோசித்து, மேலே ஏறியது. மகள் அப்பாவின் மண்டையில் கை வைத்து வழித்துவிட்டாள்.

அப்போது பரமகுரு வந்தார். ஆற்றோரமாகவே மறைந்து மறைந்து வந்திருந்தார், மறைக்கிற அளவிலா இருந்தது எழுத்து. முகமெல்லாம் மணல். குத்தாலம் எழுந்திருக்கவில்லை. பரமகுரு நின்றபடியே பேசினார், முதலில் அதட்டி, அப்புறம் தணிந்து. தன் மகனைப் பற்றிச் சொன்னார். தன் நெஞ்சைப் பற்றிச் சொன்னார், இவருக்கும் டாக்டர் ஏதோ சொல்லாமல் விட்டிருக்கிறார் போல. சமைத்தவன் நீ, பல்லி இல்லை என்று தெரிந்தவனும் நீ ஒருத்தன்தான், பந்தல் மைக்கில் ஏறி நின்று அதைச் சொல்லிவிடு, எழுத்து கீழே விழுந்துவிடும், உனக்கு என்ன வேண்டுமோ கேள் என்றார்.

“சொல்லுதேன்,” என்றார் குத்தாலம். “கிட்ட வாரும்.”

பரமகுரு வந்தார். குத்தாலம் அவர் கழுத்தில் கையைப் போட்டு இழுத்து, காதோடு வாயை வைத்து, மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவான ஒரு குரலில், பல்லி இல்லை என அறிகிறோம், வருந்துகிறோம் என்றார். பக்கத்தில் நின்ற உலகம்மாளுக்கே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லும் வே,” என்றார் பரமகுரு. அழுதுவிட்டார்.

“ஆறாம் பக்கம்லா,” என்றார் குத்தாலம். “அங்க எடம் அவ்வளவுதான் வே.”

பிறகு தன் காதுக்குப் பின்னால் கையை விட்டு, இத்தனை காலமும் அரித்துக்கொண்டிருந்த அந்த எறும்பு எழுத்தை நகத்தால் கிள்ளி எடுத்து, பரமகுருவின் காதுக்குப் பின்னால் வைத்து, ஒட்டுகிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒட்டியது. பரமகுரு அதைச் சொறிந்துகொண்டே பந்தலைத் தாண்டி நடந்தார். அவர் தலைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறியில் காக்காய் வந்து உட்கார்ந்தது.

பந்தல் காலின் உச்சியிலிருந்து பல்லி சத்தம் கொடுத்தது. உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குத்தாலம் தரையை விரலால் மூன்று தரம் தட்டிவிட்டு, சாம்பார் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.